பழகிடும்

போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம், ஆறு மணி இருக்கும், என் பழைய மாணவி ஒருத்தி போன் செய்தாள். பி.எஸ்சி நர்சிங் முடித்து ஐந்து மாதம்தான் ஆகிறது. ஒரு பெரிய மருத்துவமனையின் ஐ.சி.யூவில் வேலை. "மேம், நேத்து நைட் என் பேஷன்ட் இறந்துட்டாங்க" என்றாள். அதற்குப் பிறகு பேச்சே இல்லை. பின்னால் ஹாஸ்டல் சத்தம். யாரோ பக்கெட்டில் தண்ணீர் பிடித்துக்கொண்டிருந்தார்கள். "இன்னைக்கும் நைட்தான் மேம். போகவே பிடிக்கல" என்றாள். நான் தோளுக்கும் காதுக்கும் நடுவில் போனை இடுக்கிக்கொண்டு பீன்ஸ் நறுக்கிக்கொண்டிருந்தேன். "முதல் டெத் அப்படித்தான்டா இருக்கும். போகப் போகப் பழகிடும். ஏதாவது சாப்பிட்டுட்டுக் கிளம்பு" என்றேன். "சரிங்க மேம்" என்று வைத்துவிட்டாள். மொத்தம் இரண்டு நிமிடம்கூட ஆகியிருக்காது.

பீன்ஸை நறுக்கி முடிக்கும்வரை அந்தச் சொல் காதிலேயே நின்றது. பழகிடும். நான் யோசித்துச் சொன்ன சொல் இல்லை அது. எனக்கு 22 வயதில் ஒருவர் சொன்னது, அப்படியே பத்திரமாக உள்ளே இருந்து, இத்தனை வருடம் கழித்து என் வாய் வழியாக வந்திருக்கிறது. சொன்னவருக்கும் அவருடைய சீனியர் சொல்லியிருப்பார். எங்கள் தொழிலில் பெரியவர்கள் சின்னவர்களுக்குக் கொடுக்கும் ஒரே ஆறுதல் இதுதான். வெளியாட்களும் இதையேதான் சொல்கிறார்கள். கல்யாண வீட்டில் பக்கத்து இலையில் உட்கார்ந்திருக்கும் அத்தை கேட்பார்: "எப்படித்தான் ரத்தத்தையும் சாவையும் பாத்துட்டு வந்து சாப்பிடறியோ, பழகியிருக்கும் இல்ல?" நானும் ஆமாம் என்று தலையாட்டியிருக்கிறேன்.

எனக்குப் பழகியதா என்பதைத்தான் சொல்லிப் பார்க்க நினைக்கிறேன்.

2008-ல் திருச்சியில் ஒரு தனியார் மருத்துவமனையில் சேர்ந்தேன். இதய நோயாளிகளுக்கான ஐ.சி.யூ. இரவு எட்டு மணியிலிருந்து காலை எட்டு மணிவரை டியூட்டி. மூன்றாவது வாரம், ஒரு பஸ் கண்டக்டர் மாரடைப்போடு வந்தார். ரத்தக்கட்டியைக் கரைக்கும் ஸ்ட்ரெப்டோகைனேஸ் மருந்து போட்டு வலி குறைந்து, நன்றாகப் பேசிக்கொண்டிருந்தார். அட்மிஷனின்போது வாட்ச், மோதிரம் எல்லாவற்றையும் கழற்றி வீட்டு ஆட்களிடம் கொடுத்துவிடுவோம். அவருக்கு வாட்ச் இல்லாமல் இருப்புக்கொள்ளவில்லை. வாழ்நாள் முழுக்க நேரம் பார்த்து விசில் கொடுத்த மனுஷன். "சிஸ்டர், மணி என்ன?" என்று கேட்டுக்கொண்டே இருந்தார். இரண்டு மணிக்குச் சொன்னேன், மூன்று மணிக்குச் சொன்னேன், மூன்றரைக்குச் சொன்னேன். நாலேகாலுக்கு மறுபடி கேட்டபோது நான் மருந்து சார்ட் எழுதிக்கொண்டிருந்தேன். காதில் விழுந்தது. பதில் சொல்லவில்லை. 4.40-க்கு மானிட்டரில் கோடு மாறியது. நாங்கள் மாறி மாறி 35 நிமிடம் நெஞ்சை அழுத்தி சி.பி.ஆர் கொடுத்தோம். வரவில்லை.

உடலைத் துடைத்து, கால் கட்டைவிரல்களைச் சேர்த்துக் கட்டி அனுப்பும் வேலைக்கு எங்கள் பாடத்தில் லாஸ்ட் ஆபீஸ் என்று பெயர். கல்லூரியில் பொம்மையை வைத்துச் செய்து மார்க் வாங்கியிருக்கிறேன். அன்று ஒரு ஆயாம்மாவும் நானும் சேர்ந்து செய்தோம். ஆறு மணிக்கெல்லாம் அதே பெட்டில் அடுத்த பேஷன்ட். மெத்தையைத் துடைத்த மருந்தின் ஈரம்கூடக் காயவில்லை, அதன்மேல் புது ஷீட்டை விரித்தேன். கை நடுங்கியதைச் சீனியர் பார்த்துவிட்டார். தோளைத் தட்டி, "பழகிடும்" என்றார். நல்ல மனதோடுதான் சொன்னார். அவருக்கும் அந்த நேரத்தில் மூன்று பேஷன்ட் இருந்தார்கள்.

சாவைப் பார்ப்பது ஓரளவு பழகிவிடுகிறது, அதை மறுக்கவில்லை. இருபதாவது சி.பி.ஆரில் கை நடுங்காது. ஆனால் 'மணி என்ன' பழகவில்லை. இன்றைக்கும் யாராவது என்னிடம் நேரம் கேட்டால் இரண்டு தடவை சொல்வேன். என் கணவர் இதைக் கவனித்துக் கேட்டது கல்யாணமாகி ஏழு வருடம் கழித்து. அதுவரை நான் யாரிடமும் சொன்னதில்லை. அந்த வருடங்களில் எனக்குப் பழகியது, சொல்லாமல் இருப்பதுதான்.

பெட் நம்பர் 7

லண்டனில் ஒரு பெரிய போதனா மருத்துவமனை, 1950-களின் கடைசியில், பயிற்சிச் செவிலியர்களை வேலைக்குப் பிரித்துப் போடுவதில் இருந்த சிக்கலுக்காக இசபெல் மென்சீஸ் என்ற உளப்பகுப்பாய்வாளரைக் கூப்பிட்டது. அவர் 1960-ல் வெளியிட்ட ஆய்வை முதுகலை படிக்கும்போது வாசித்தேன். அங்கே ஒரு செவிலியருக்கு ஒரு நோயாளி என்று கொடுப்பதற்குப் பதிலாக, எல்லா நோயாளிகளுக்கும் ஒரே வேலையைச் செய்யவிட்டார்கள். ஒருத்தி எல்லோருக்கும் டெம்பரேச்சர் பார்ப்பாள், இன்னொருத்தி எல்லோருக்கும் படுக்கை மாற்றுவாள். நோயாளியைப் பெயர் சொல்லாமல் படுக்கை எண்ணாலோ வியாதியாலோ குறிப்பிட்டார்கள். இதெல்லாம் நிர்வாக வசதிக்கு மட்டும் இல்லை, வலியும் சாவும் நெருங்கிவந்து தாக்காமல் இருக்க அந்த அமைப்பே கட்டிக்கொண்ட தற்காப்பு என்றார் மென்சீஸ். அந்தத் தற்காப்பு பயத்தைக் குறைக்கவும் இல்லை. வேலையில் கிடைக்க வேண்டிய நிறைவையும் சேர்த்து எடுத்துக்கொண்டது. பயிற்சிக்கு வந்தவர்களில் மூன்றில் ஒரு பங்கினர் பாதியில் போய்விட்டார்கள்.

படித்தபோது நம் ஊர் வார்டுதான் கண்ணில் நின்றது. "செவனுக்கு ஆன்டிபயாட்டிக் போட்டாச்சா?" "ஃபோர் டிஸ்சார்ஜ்." நான் இப்போது வகுப்பில் பெயர் சொல்லிக் கூப்பிடச் சொல்லித்தருகிறேன். ஆனால் ஏன் நம்பர் சொல்கிறோம் என்பதும் எனக்குத் தெரியும். செல்வராஜ் என்று ஒருவர் இறந்துபோனால் அந்த இடம் காலியாகிவிடுகிறது. பெட் நம்பர் 7 சாவதே இல்லை. ஒரு மணி நேரத்தில் அதில் வேறொருவர் படுத்திருப்பார். நம்பரைச் சொல்லிக்கொண்டே இருந்தால் எதுவுமே நடக்காத மாதிரி ராத்திரியைக் கடத்திவிடலாம்.

இதற்கு நேரெதிராக ஒருவர் செய்ததை வருடாவருடம் மாணவிகளுக்குச் சொல்வேன். ஜோனதன் பார்ட்டெல்ஸ், அமெரிக்காவில் வர்ஜீனியா பல்கலைக்கழக மருத்துவமனையில் அவசரப் பிரிவுச் செவிலியர். ஒரு மரணத்துக்குப் பிறகு எல்லோரும் கையுறையைக் கழற்றி எறிந்துவிட்டுக் கலைந்துபோவது அவரை உறுத்தியது. 2009 வாக்கில், சி.பி.ஆர் பலிக்காமல் போன பிறகு, படுக்கையைச் சுற்றி நிற்பவர்களை ஒரு நிமிடம் அப்படியே அமைதியாக நிற்கச் சொன்னார். இறந்தவர் ஒருவருக்கு மகனாகவோ தாயாகவோ இருந்தவர், அவருக்காக நாம் எல்லோரும் முயன்றோம், அவ்வளவுதான் சொல்வது. அது பரவி இன்று பல நாடுகளில் செய்கிறார்கள். இதைச் சொல்லும்போதெல்லாம் எனக்குத் திருச்சி ஆயாம்மா ஞாபகம் வருவார். கண்டக்டரின் கால் விரல்களைக் கட்டிவிட்டு, நெற்றியில் கை வைத்து, "போயிட்டு வாங்கய்யா" என்று மெதுவாகச் சொன்னார். ஒவ்வொருவருக்கும் சொல்வாராம். அவரை யாரும் எந்தப் பயிற்சிக்கும் கூப்பிட்டதில்லை. சேவைத் தொழில் என்று பேசும் எந்தக் கூட்டத்திலும் அவரை யாரும் கணக்கில் சேர்ப்பதும் இல்லை.

சிவப்பு மையில் ஒரு வரி

2011-ல் கோவைக்கு மாறினேன். அங்கே எங்கள் ஐ.சி.யூ இன்சார்ஜ் சிஸ்டருக்கு ஐம்பது வயதுக்கு மேல் இருக்கும். அதிகம் பேச மாட்டார், சிரிப்பதும் குறைவு. ஷூ அழுக்காக இருந்தால் அங்கேயே நிறுத்திக் கேட்பார். முதல் மூன்று மாதம் அவரைக் கண்டாலே பயம்.

2012, தமிழ்நாட்டில் டெங்கு கடுமையாக இருந்த வருடம். 19 வயதுப் பையன், பாலிடெக்னிக் படிப்பவன், ரத்த அழுத்தம் சரிந்து அதிர்ச்சி நிலைக்குப் போன பிறகு கொண்டுவந்தார்கள். மூன்று நாள் என் பேஷன்ட். இரண்டாவது நாள் அவனுடைய அம்மா ஒரு ஃபிளாஸ்க்கில் பப்பாளி இலைச் சாறு கொண்டுவந்தார். தட்டணுக்கள் ஏறும் என்று யாரோ சொல்லியிருக்கிறார்கள். அவனுக்கு வயிற்றுக்குள் ரத்தக் கசிவு, வாய் வழியாக எதுவும் கொடுக்கக் கூடாது. "கொடுக்க முடியாதும்மா, வெளிய வெச்சிருங்க" என்றேன். மூன்றாவது நாள் காலை பதினொன்றுக்குப் போய்விட்டான். அம்மாவை உள்ளே கூட்டிவந்தபோது அவர் கதறவில்லை. என் கையைப் பிடித்துக்கொண்டு, "அதைக் குடுத்திருந்தா பொழச்சிருப்பானா சிஸ்டர்?" என்றார். கோபமே இல்லை அந்தக் குரலில். நிஜமாகவே தெரிந்துகொள்ளக் கேட்டார். பிழைத்திருக்க மாட்டான் என்பது எனக்குத் தெரியும். வாயே வரவில்லை.

லாஸ்ட் ஆபீஸ் முடிந்து ஸ்ட்ரெச்சர் கதவைத் தாண்டுவதற்குள் எமர்ஜென்சியிலிருந்து போன். பாய்சன் கேஸ், உடனே பெட் வேண்டும். நான் ஷீட்டை எடுக்க அலமாரிப் பக்கம் போனேன். இன்சார்ஜ் சிஸ்டர் போனில், "பத்து நிமிஷம் கழிச்சு அனுப்புங்க" என்றார். பிறகு என் கையிலிருந்த ஷீட்டை வாங்கிக்கொண்டார். "இந்த அட்மிஷன் உனக்கு இல்ல. லினன் ரூம்ல போய் உக்காரு. ஆயாம்மா டீ கொண்டு வருவாங்க. கூப்பிடும்போது வந்தா போதும்." என் பேஷன்ட் நாலாம் பெட்டில் ஒருவர் இருக்கிறாரே என்றேன். "நான் இருக்கேன்ல" என்றார்.

லினன் ரூம் என்பது ஜன்னலில்லாத ஒரு சின்ன அறை. சலவையிலிருந்து வந்த மூட்டைகள் அடுக்கியிருக்கும், சோடா வாசனை அடிக்கும். ஒரு மூட்டைமேல் உட்கார்ந்தேன். ஆயாம்மா எவர்சில்வர் டம்ளரில் டீ கொண்டுவந்து கொடுத்துவிட்டு எதிரில் தரையில் உட்கார்ந்தார். நான் அழவில்லை. ஃபிளாஸ்க் விஷயத்தைச் சொன்னேன், முதலிலிருந்து கடைசிவரை. எப்படிச் சொன்னேன், எந்தக் கையால் கதவைக் காட்டினேன் என்பதெல்லாம்கூடச் சொன்னேன். அவர் "உன் மேல தப்பில்ல" என்று சொல்லவில்லை, "பழகிடும்" என்றும் சொல்லவில்லை. "அந்த ஃபிளாஸ்க் இன்னும் வெளிய பெஞ்சு மேலதான் இருக்கு பாப்பா. நான் கழுவி எடுத்துட்டுப் போய் அந்தம்மாகிட்ட குடுத்துட்டு வரேன்" என்று எழுந்தார்.

கால் மணி நேரம் கழித்து நான் திரும்பியபோது, இன்சார்ஜ் சிஸ்டர் ஏப்ரன் கட்டிக்கொண்டு அந்த பாய்சன் கேஸுக்குத் தானே ஸ்டமக் வாஷ் கொடுத்துக்கொண்டிருந்தார். என்னைப் பார்க்காமலேயே, "ஃபோர்த் பெட்டுக்கு யூரின் அவுட்புட் எழுதணும்" என்றார். அன்று மதியம், யாருக்கு எந்த பேஷன்ட் என்று எழுதும் அசைன்மென்ட் நோட்டைப் பார்த்தேன். என் பெயருக்கு எதிரே சிவப்பு மையில் 'டெத் – அட்மிஷன் கிடையாது' என்று எழுதியிருந்தது. பழைய பக்கங்களைத் திருப்பினேன். பல பெயர்களுக்கு எதிரே அதே வரி. எனக்கென்று காட்டிய தனிச் சலுகை இல்லை, அந்த வார்டின் சட்டம். அந்த ஷிப்டில் பேஷன்ட்டை இழந்தவருக்கு அடுத்த அட்மிஷன் போகாது. யாரும் கெஞ்சிக் கேட்க வேண்டியதில்லை, தைரியமாக இருப்பதாக நடிக்க வேண்டியதும் இல்லை.

அந்த வார்டில் நான் இருந்த முதல் மூன்று வருடத்தில் வேலையை விட்டுப் போனவர்கள் இரண்டே பேர். இருவருக்கும் கல்யாணம், வெளியூர்.

பிறகு அந்தச் சட்டம் செத்துப்போனது. யாரும் ரத்து செய்யவில்லை. நிர்வாகம் மாறியபோது, இன்சார்ஜும் பேஷன்ட் எடுக்க வேண்டும் என்று ஒரு சர்க்குலர் வந்தது. அவ்வளவுதான். அதுவரை அவர் கையில் பேஷன்ட் இல்லாமல் இருந்ததால்தான் என் ஷீட்டை வாங்க முடிந்தது. இப்போது அவர் கையில் இரண்டு பேஷன்ட், எங்கள் கையில் மூன்று. சிவப்பு வரி ஒரு மாதத்தில் நின்றுவிட்டது. அவருடைய மனது ஒன்றும் மாறவில்லை. ஒருநாள் ஒரு ஜூனியரிடம் "பழகிடும்" என்று அவரே சொல்வதைக் கேட்டேன். சொல்லிவிட்டு என்னைப் பார்த்தார். அடுத்த வருடம் குவைத்துக்குப் போய்விட்டார்.

கூடுதலாக ஒரு ஆள்

எனக்குத் தோன்றுவது இதுதான். ஆறுதல் என்பதை நாம் மனது சம்பந்தப்பட்டதாக நினைக்கிறோம். எங்கள் வேலையில் அது ரோஸ்டர், அதாவது டியூட்டிப் பட்டியல் சம்பந்தப்பட்டது. ஒருத்திக்குப் பதினைந்து நிமிடம் கொடுக்க வேண்டுமென்றால், அந்தப் பதினைந்து நிமிடம் அவளுடைய பேஷன்ட்டைப் பார்க்க இன்னொரு ஆள் வார்டில் நிற்க வேண்டும். அந்த ஆளைக் கணக்குப் பார்ப்பவர்கள் 'சும்மா நிற்கும் ஆள்' என்று எழுதுகிறார்கள். வென்டிலேட்டரில் இருப்பவருக்கு ஒரு செவிலியர் என்று வகுப்பில் சொல்லித்தருகிறேன். என் மாணவிகள் வேலைக்குப் போன முதல் வாரத்திலேயே அந்தக் கணக்கை மறந்துவிட வேண்டியிருக்கிறது.

உலக சுகாதார நிறுவனம் 2019-ல், பர்ன்-அவுட் என்பதைத் தன் நோய்ப் பட்டியலின் பதினோராவது பதிப்பில் எப்படி எழுதியது என்பது முக்கியம். அதை நோய் என்று சொல்லவில்லை. சரியாகக் கையாளப்படாத, நீண்டநாள் பணியிட அழுத்தத்தின் விளைவு என்றது. உடம்பிலும் மனதிலும் தெம்பு வற்றிப்போவது, வேலையிலிருந்து மனம் விலகிப்போவது, செய்வதில் பலனில்லை என்று தோன்றுவது என மூன்று அடையாளம் சொன்னது. பணியிடம் என்ற சொல் அதிலேயே இருக்கிறது. ஆனால் நாம் மருந்தை ஆளிடம் கொடுக்கிறோம். ஒரு மே 12, செவிலியர் தினத்தன்று, நைட் டியூட்டி முடித்த எங்களைக் காலை எட்டிலிருந்து பத்துவரை 'மன அழுத்த மேலாண்மை' வகுப்பில் உட்காரவைத்தார்கள். வகுப்பெடுத்த பெண் நல்லவர், அக்கறையோடு மூச்சுப் பயிற்சி சொல்லிக்கொடுத்தார். உங்களுக்கு எது அழுத்தம் தருகிறது என்று சீட்டில் எழுதச் சொன்னார். கூடையில் விழுந்த சீட்டுகளில் முக்கால்வாசி 'ஸ்டாஃப் பத்தலை', 'ஆஃப் கிடைக்கலை'. அவர் அதை வாசிக்க வாசிக்க முகம் வாடிவிட்டது. அவரால் செய்ய முடிந்தது எதுவும் அந்தக் கூடையில் இல்லை. மூச்சுப் பயிற்சியில் தவறில்லை, நானே இன்றும் செய்கிறேன். ஆனால் அந்த இரண்டு மணி நேரம் எங்களைத் தூங்க விட்டிருக்கலாம்.

சம்பளமும் இதில் சேர்ந்ததுதான். உச்ச நீதிமன்றத்தின் 2016 உத்தரவை அடுத்து மத்திய அரசு அமைத்த குழு, 50 படுக்கைக்குக் குறைவான தனியார் மருத்துவமனையில்கூடச் செவிலியருக்கு மாதம் குறைந்தது 20,000 ரூபாய் தர வேண்டும் என்று பரிந்துரைத்தது. என் மாணவிகளில் பலர் இன்றும் அதற்குக் கீழேதான் சேர்கிறார்கள், படிப்புக் கடனோடு. ஆஃப் நாளிலும் இன்னொரு இடத்தில் டியூட்டி பார்க்கும் பெண்ணிடம் ஓய்வைப் பற்றிப் பேச எனக்குக் கூச்சமாக இருக்கிறது.

கொரோனா சமயம், 2020 மார்ச் 22 சாயங்காலம் ஐந்து மணிக்கு எங்கள் தெருவே வாசலில் நின்று மருத்துவப் பணியாளர்களுக்காகக் கைதட்டியது. மே 3 அன்று விமானப்படை ஹெலிகாப்டர்கள் மருத்துவமனைகள்மேல் பூத் தூவின. கைதட்டியவர்கள் மனதாரத்தான் தட்டினார்கள், நானும் தட்டினேன். அதே மாதங்களில்தான், பாதுகாப்பு உடையைக் கழற்ற முடியாது என்பதால் டியூட்டிக்கு முன்பு தண்ணீர் குடிப்பதையே விட்டுவிட்டாள் என் தோழி. 'நீங்கள் தெய்வம்' என்று அவளிடம் எத்தனையோ பேர் சொன்னார்கள். அப்படிச் சொல்பவரிடம், எனக்கு இன்று முடியவில்லை, இடுப்பு வலிக்கிறது, வீட்டுக்குப் போக வேண்டும் என்று எப்படிச் சொல்வது? தெய்வத்துக்கு ஆஃப் கிடையாது. இந்தப் புகழ்ச்சி எங்கள் வாயை அடைத்துவிடுகிறது என்று நான் உறுதியாக நம்புகிறேன். 108 வண்டியில் விபத்தில் இறந்தவரை இறக்கிவிட்டு, வண்டிக்குள் கழுவி, அடுத்த அழைப்புக்குக் கிளம்புகிறவருக்கும் இதே கதைதான். அவரிடம் யாரும் மணி கேட்பதுகூட இல்லை.

அன்று, நறுக்கிய பீன்ஸை அப்படியே வைத்துவிட்டு அந்த மாணவியைத் திரும்பக் கூப்பிட்டேன். ஆறரை ஆகியிருந்தது. "யாருடா அவங்க? என்ன ஆச்சு?" என்றேன். முதலில் கேஸ் ஷீட் வாசிப்பது மாதிரி சொன்னாள். 67 வயது, சிறுநீரகச் செயலிழப்பு, டயாலிசிஸ், ரத்த அழுத்தம் இறங்கியது. நான் ஒன்றும் சொல்லவில்லை. கொஞ்ச நேரம் கழித்து, "நகம் வெட்டி விடச் சொன்னாங்க மேம்" என்றாள். "பன்னிரண்டு மணிக்கு. எல்லாருக்கும் மருந்து போடற நேரம். காலைல வெட்டறேன் பாட்டின்னு சொன்னேன்." அப்போதுதான் அழுதாள். நான் அவளுக்குக் கண்டக்டரைப் பற்றிச் சொன்னேன். வகுப்பில் அதை ஒருநாளும் சொன்னதில்லை.

"இன்னும் மறக்கலையா மேம்?"

"இல்லடா."

"அப்ப சரி மேம்" என்றாள். குரல் கொஞ்சம் தெளிந்திருந்தது.

அந்த பெட்டில் வேறு ஆள் வந்துவிட்டார்களா என்று கேட்டேன். காலையிலேயே வந்துவிட்டார்களாம். "இன்னைக்கு அந்த பெட் வேண்டாம்னு இன்சார்ஜ்கிட்ட கேளு. காரணமும் சொல்லு" என்றேன். அப்படியெல்லாம் கேட்கலாமா என்றாள். கேட்டால் என்ன சொல்வார்கள் என்று எனக்கும் தெரியவில்லை. கேட்டுப் பார் என்றேன்.

மறுநாள் காலை எட்டரைக்கு வாட்ஸ்அப்பில் வந்திருந்தது: "மாத்திக் குடுத்தாங்க மேம். மூணு பேஷன்ட். தூங்கப் போறேன்."